எந்த முகைதீன்

ஜுபைல். இரவு இரண்டரை.
சர்வர் அறைக்குள் பதினெட்டு டிகிரி,
சுவருக்கு அந்தப் பக்கம் முப்பத்தொன்பது.

ஃபைனல் எக்ஸிட்டில் போகும் ஒருவரின் கோப்புறையை
அழிக்க வேண்டும்.
எம், ஓ, எச் அடித்து டேப்பைத் தட்டினேன்.
டிங்.
கர்சர் நகரவில்லை.
மறுபடி தட்டினேன்.
இருநூற்றுப் பதினான்கு இருக்கிறது,
எல்லாவற்றையும் காட்டவா என்றது.

மொஹிதீன், மொஹைதீன், மொஹியதீன்.
ஒரே பெயரை
ஊருக்கொரு பாஸ்போர்ட் ஆபீஸ் எழுதிய விதங்கள்.

பகல் ஷிப்ட் ஹைதமுக்கு இந்த மணி பிடிக்காது.
டேப் தட்டினால் பட்டியலில் முதல் ஆளை
நிரப்பிக்கொள்ளும்படி மாற்றி வைத்திருந்தான்.
போன ரமலானில் ஒரு வெல்டரின் இகாமா
அப்படித்தான் செத்தது.
கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர்
அட்டையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து
நான்கு முறை காட்டினாராம்.

மறுநாளே பழையபடி மாற்றிவிட்டேன்.
ஒத்துப்போகும் எழுத்துவரை நீ போ.
பிரிகிற இடத்தில் நில்.
தெரியவில்லை என்று
சத்தமாகச் சொல்.

ஐ சேர்த்தேன்: பன்னிரண்டு பேர்.
டி சேர்த்ததும் மீதிப் பெயர் தானாக ஓடி
அடிக்கோட்டில் வந்து நின்றது.
இரண்டு பேர்.
அதற்குமேல் வெறும் எண்கள்,
என் கையிலிருந்த தாளில் எண் இல்லை.

கேம்புக்கு ஃபோன் போட்டேன்.
நெடுநேரம் அடித்து
யாரோ எடுத்தார்கள், தூக்கக் குரல்:

"எந்த முகைதீன்?"