மூன்றாவது கொடி

ஒரு கொடி என்றால் காதைத் திறந்து வை.
இரண்டு என்றால் அரிசியை மண்ணில் புதை.
மூன்று என்றால்
ஒன்றும் எடுக்காதே, நட.

சோர் நோனாவில் பால்பல் விழாத பிள்ளையும்
இதை ஒப்பிக்கும்.
வங்காள விரிகுடா நேற்று துப்பிய வண்டல்தான்
எங்கள் தீவு.
நாளை அது திரும்பக் கேட்கலாம்.

போன வருஷம் மூன்றாவதை ஏற்றியவள் நான்.
தூண்கள்மேல் நிற்கும் பள்ளிக்கூடத்தில்
அறுநூறு பேர், ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கி,
இரவெல்லாம் கிடந்தோம்.
புயல் கிழக்கே திரும்பி
வேறு யாருடைய கூரைகளையோ தின்னப் போயிற்று.
விடிந்து பார்த்தால்
தொபாரக் மாஜியின் பதினேழு வாத்துகளைக் காணோம்.
காற்று கொண்டுபோகவில்லை,
கை கொண்டுபோயிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு, ஹோஸ்னே ஆராவுக்கு,
பெயர் வாத்துக்காரி.

இன்று மறுபடி ரேடியோ பத்தாம் எண் சொல்கிறது.
சேலைமேல் மஞ்சள் சட்டை.
பினய் ஹல்தார் சைரனைச் சுற்றுகிறான்,
முதலில் முனகி, பிறகு வாய்விட்டு அழுகிறது அது.
மெகாஃபோனில் பாட்டரி தீரத் தீர
என் குரல் ஆண்குரலாகி
கிணற்றுக் குரலாகி
கடைசியில் வெறும் என் தொண்டை.

நிறைமாதக்காரி ருமேலா வாசலில் நின்று கேட்கிறாள்:
"அங்கே பொம்பளைகளுக்குக் கக்கூஸ் இருக்கா?"
இருக்கு.
"தாழ்ப்பாள்?"
போன மாசம் நானே அடித்தேன். மூன்று ஆணி.
அதற்குப் பிறகுதான்
போர்வையைச் சுருட்டினாள்.

தொபாரக் மட்டும் கட்டிலைவிட்டு அசையவில்லை.
புயலைப் பற்றிப் பேச்சே இல்லை.
"பன்னிரண்டு இருக்கு" என்றார்.

மாடுகளுக்கு மண்மேடு உண்டு.
மாடியில் மிருகம் ஏறக்கூடாது, அது விதி.
பயிற்சியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
மீன்கூடையைக் கவிழ்த்தேன்.
பினய் கால்களைக் கட்டினான், இரண்டிரண்டாக.
தலைமேல் பன்னிரண்டு வாத்தும் கத்த
நான் முன்னால்,
பின்னால் கூடையை மட்டும் பார்த்தபடி தொபாரக்.

இரவு. ஜன்னல் பலகையைக் காற்று பல்லால் கடிக்கிறது.
டார்ச்சை வாயில் கவ்விப் பதிவேட்டை நிரப்புகிறேன்:
ஆண், பெண், குழந்தை, நடக்க முடியாதவர்.
வாத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பன்னிரண்டு.
கூரைத் தகரம் ஒன்று கழன்று ஓடும் சத்தத்தில்
யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள்.
ருமேலாவுக்கு வலி எடுக்கவில்லை. அதுவரை சந்தோஷம்.

காலையில் தொபாரக்கின் வீடு இருந்த இடத்தில்
ஒரு தென்னை மட்டை, சேறு, வானம்.
அவர் குந்தி உட்கார்ந்து
கட்டுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்தார்.
ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கினார்.
"சரியா இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல்.

கம்பத்தில் கயிறு மட்டும் ஆடுகிறது.
மூன்றாவது கொடியைக் காணோம்.
இது கை இல்லை.
காற்றேதான்.