ஏற்றுமதி

வார்டோவில் சூரியன் எட்டிப் பார்க்காத வாரம்.
மீனவர் கூட்டுறவின் பின்னறையில்
கடைசிக் கணு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
திரோம்ஸோவில் இருந்த இரண்டும் அணைந்தாயிற்று,
கிர்க்கெனேஸில் இருந்ததும்.
மற்றவற்றை நடத்திய கம்பெனி
பெயர்ப்பலகையைக்கூட விட்டுவைக்காமல் போனது.

"திங்கள்கிழமைக்குள் உள்ளிருப்பதை வெளியே எடுத்துவிடு,
அப்புறம் கரண்ட் பில் எங்களுடையதல்ல"
என்றாள் நகராட்சியின் பியோர்க், கையுறையைக் கழற்றாமலே.
உள்ளிருப்பது எட்டு வருடத்துக் காட் மீன்.
எந்தப் படகு, எந்த வலை, எத்தனை கிலோ.
மாற்ற முடியாது என்பதற்காகவே
தொடரில் எழுதிவைத்த கணக்கு.

கட்டளை வரியில் அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டினேன்:
ஏற்றுமதி.
இந்த ஊரில் அதற்கு அர்த்தம்
பனிக்கட்டி நிரப்பிய பெட்டி, லிஸ்பனுக்குப் போகும் லாரி.

'தரவுத்தளம் பூட்டியிருக்கிறது,
வேறு ஏதோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.'
வேறு ஏதோ என்ன, கணுவேதான்.
ஓடிக்கொண்டே தன் மடியை அவிழ்க்க
அதற்குத் தெரியாது.
நிறுத்தினேன். விசிறி இறங்கி, ஓய்ந்து,
அறையில் முதல்முறையாகக் கடல் கேட்டது.
பூட்டுக் கோப்பு மட்டும் அப்படியே கிடந்தது.
கையால் அழித்தேன்.

தொகுதி பூஜ்யத்திலிருந்து கடைசி வரை.
எண்கள் ஏறின.
அறுபத்தொரு சதவீதத்தில் வட்டு நிரம்பிப்
பாதிச் சொல்லில் நின்றது.
துறைமுக அலுவலகத்து யூர்கன் கொடுத்த வட்டில்
அவன் மகனின் ஹேண்ட்பால் ஆட்டங்கள்.
எதை அழிக்கலாம் என்று போனில் கேட்டேன்.
"தோற்றதை எல்லாம்" என்றான்.
நிறைய இடம் கிடைத்தது.

விடியாத காலை ஏழு மணிக்கு
எல்லாம் வெறும் எழுத்தாக வந்து நின்றது.
வரி வரியாக, காற்புள்ளி காற்புள்ளியாக,
எந்த மலிவான கணினியிலும் திறக்கும்.

எனக்குத் தெரியும் எந்த வரி என்று.
தேடவே தேவையில்லை, தேடினேன்.
மார்ச் பதினொன்று, படகு ஹவ்சூலா,
தலைவர் ஓட்வார், 4120 கிலோ.
நானூற்றுப் பன்னிரண்டு அது.
விரல் விறைத்த இரவில்
கூடுதலாக ஒரு பூஜ்யம் வைத்தவள் நான்.
மறுநாளே திருத்தம் எழுதினேன்; அதுவும் தொடரில் உண்டு,
தொள்ளாயிரம் தொகுதி தள்ளி.
யார் அவ்வளவு தூரம் நடந்துபோய்ப் படித்தார்கள்?
ஒதுக்கீட்டை மீறியவன் என்று ஒரு பருவம் முழுக்க
கப்பித்துறைக் காபிக்கடை பேசியது.
அவர் படகை விற்று அல்தாவுக்குப் போனார்.

உள்ளே இருந்தவரை அது கல்.
இப்போது ஈரக் களிமண்.
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்று சிமிட்டியது குறி.
அழித்தேன்.
412.
எவ்வளவு எளிது.
கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தேன்.
அவருக்காகவா அழித்தேன்?
சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.

பிறகு அல்தாவுக்குப் போன் போட்டேன்,
மூன்று வருடத்துக்கு அப்புறம்.
"அங்கே காற்று எப்படி?" என்றார் முதலில்.
வடகிழக்கு என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை,
பின்னணியில் ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம்.
"நானூற்றுப் பன்னிரண்டா?" என்றார்.
"முந்நூற்றுத் தொண்ணூறுகூட இருக்காது.
ஐஸையும் சேர்த்துத்தானே நிறுத்தோம்."

சிரித்தாரா என்று சரியாகக் கேட்கவில்லை.

சரிபார்ப்புத் தொகையைக் காகிதத்தில் எழுதி
பியோர்க்குக்காக மேசையில் வைத்தேன்.
அறுபத்துநான்கு எழுத்து, ஒன்றும் பிசகவில்லை.
கணுவின் பிளக்கைப் பிடுங்கினேன்.
இத்தனை நாள் அந்தச் சூட்டில் தெளிந்திருந்த ஜன்னல்
மத்தியானத்துக்குள் ஓரங்களிலிருந்து வெளுத்துவிட்டது.