கால் டாங்க்

ஐல்சா கணக்குப் போட்டுவிட்டாள்.
அடுக்களை மேசையில் மூன்று தாள்கள்,
மூன்றாவதன் ஓரத்தில் வெண்ணெய்க் கறை.
பிரேசர்பரோவிலிருந்து சவுத்தாம்ப்டன் வரை ஓட்டிப்போக இவ்வளவு,
கப்பலுக்கு இவ்வளவு, காப்பீடு,
அங்கே இறங்கியதும் சோதனை, சான்றிதழ், புது எண் பலகை.
கூட்டினால் மூவாயிரத்து நானூறு பவுண்டு.
வண்டியின் விலை, யாராவது கருணையோடு பார்த்தால்,
தொள்ளாயிரம்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள்.
அந்த விகிதத்தையும் தாண்டிவிட்டோம்.

"பதினாறு வயதாகிறது இதற்கு" என்றாள்.
"நமக்கு?" என்றேன்.
பேனாவை மூடினாள்.

நெல்சனில் எனக்கு இதே வேலைதான்:
மீன் ஆலையில் குளிர்பெட்டிகளின் நாடி பிடிப்பது.
அங்கேயும் சாலையில் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள்.
இந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு
மூன்று வாரம் வாதாடினேன்.

கப்பல் கம்பெனி ஆள், பெயர் டெஸ்மண்ட்,
விதிகளைப் போனில் மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.
உள்ளே ஒரு குடைகூட இருக்கக் கூடாது.
டாங்கில் காலுக்கு மேல் டீசல் கூடாது.
எல்லாவற்றுக்கும் மேலே, மண் கூடாது.
ஒரு விதை, ஒரு இறகு,
சக்கரத்தின் மேல்மடிப்பில் காய்ந்த சேறு
எது கண்ணில் பட்டாலும்
அந்த ஊர் அதிகாரிகள் மறுபடி கழுவுவார்கள்,
நம் செலவில்.

கழுவிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன்.

சனிக்கிழமை. வடக்குக் காற்று.
முன் இருக்கைகள் இரண்டையும் கழற்றிப் புல்லில் வைத்தோம்.
எதிர்ப்படம் ஓடாத திரையரங்கில் போல
அவை எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.
கம்பளத்துக்கு அடியில் ஒரு பிடி பார்லி
(எந்த வயலோரம், எந்தச் சண்டை, இருவருக்கும் தெரியும்).
மணல். எந்தக் கடற்கரை என்பதில் ஒத்துப்போகவில்லை.
ஸ்கெர்ரியின் மயிர், வெள்ளை,
அது செத்து நான்கு வருடம்,
உறிஞ்சும் இயந்திரம் இரண்டு தரம் அடைத்துக்கொண்டது.
பிறகு அபர்டீன் ஆஸ்பத்திரியின் பார்க்கிங் சீட்டு ஒன்று.
மாலை நாலு பத்து வரை செல்லும் என்றிருந்தது.
அவள் அப்பா நாலு மணிக்குப் போனார்.
ஐல்சாவே எடுத்தாள். எங்கே வைத்தாள் என்று பார்க்கவில்லை.

பல் துலக்கும் பிரஷ்ஷால் கீல்களைத் தேய்த்தேன்.
இருட்டுவதற்குள் வண்டி நியூசிலாந்துக்குத் தகுதி பெற்றுவிட்டது.
இருக்கையை முடுக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன்.
யாருடைய வண்டியோ.
வாடகைக்கு எடுத்ததுபோல
விளக்கின் பொத்தானை ஒரு கணம் தேடினேன்.

ஐல்சா சன்னல் வழியே குனிந்தாள்.
மூன்று வாரமாக வேண்டாம் என்றவள் சொன்னாள்:
"அனுப்பிவிடலாம், கேலம். பணம் வரும் போகும்."
"வேண்டாம்" என்றேன்.

பீட்டர்ஹெட்டிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாள்.
மைரி; நர்ஸ் படிப்பு, இரவு ஷிஃப்ட், பேருந்து கிடையாது.
எண்ணூற்றைம்பதுக்குக் கேட்டாள்.
கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கி,
"நாய் வளர்த்தீர்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்,
களவாணிகள் பிடிபட்டதுபோல,
அல்லது அதற்கு நேர் எதிராக.

திங்கட்கிழமை காலை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.
ஞாயிறு மாலை டாங்கில் பாதிக்கு மேல் இருந்தது.
டெஸ்மண்டின் விதிகள் இனி எங்களுக்கு இல்லை.
அந்தப் பெண்ணுக்கு நிறைய விட்டுவைப்பதுதான் மரியாதை.
ஆனாலும் சாவியை எடுத்தேன். அவளும் கோட்டை எடுத்தாள்.

ரோஸ்ஹார்ட்டி, பென்னன், அங்கிருந்து உள்வழியாக
டரிஃப் வரை போய், திரும்பி, மறுபடி போய்.
முள் காலுக்கு இறங்கும்வரை ஓட்டினோம்.
நாளைக்கு நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள், அவ்வளவுதான் பேச்சு.

ஓரிடத்தில் விளக்குப் போட்டு அறுவடை நடந்தது.
ஐல்சா கண்ணாடியை இறக்கினாள்.
உமி பறந்து உள்ளே வந்து
கழுவிய கம்பளத்தில், என் முழங்காலில், அவள் மடியில் விழுந்தது.
தட்டிவிடவில்லை.