கடல்மட்டத்து எண்கள்

டாஷ்போர்டு அறைக்குள் ஒரு சின்ன நோட்டு.
நாபோர் உஸ்காங்காவின் சாய்ந்த கையெழுத்து:
ஐடில் ஜெட் ஐம்பத்தைந்து.
மெயின் நூற்று முப்பது.
காற்று இருநூறு.
கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு: தொடாதே.

வெராக்ரூஸ் துறைமுகத்தில் அந்த எண்கள் பொய்யில்லை.
விலை பேசிய மதியம் அவன் சாவியைத் திருப்ப
இரட்டைக் கார்புரேட்டரும் ஒரே மூச்சாய் இழுத்தன,
கப்பல் சங்கு ஊதியதுகூட எனக்குக் கேட்கவில்லை.
தொழிற்சாலை கொடுத்தது ஆயிரத்து அறுநூறு சிசி.
மேற்கொண்டு நூற்று எழுபத்தாறு அவன் கொடுத்தது.

தோலூக்காவுக்கு ஏறி வந்தேன்.
வளைவுக்கு வளைவு காற்று மெலிந்தது,
பெட்ரோல் மெலியவில்லை.
ஓரிசாபா தாண்டி இருமல்.
பூவெப்லாவில் கறுப்புப் புகை.
வீட்டு வாசலில் பிளக்குகளைக் கழற்றினால்
நான்கும் அடுப்புக்கரி.
நெய்தலில் போட்ட கணக்கு
குறிஞ்சியில் செல்லவில்லை.

பல் ஆஸ்பத்திரியில் வேலை எனக்கு.
வாய்க்கண்ணாடி ஒன்றைக் கேட்காமல் கொண்டுவந்து
வெஞ்சுரிக்குள் நீட்டி
எங்கே சொட்டுகிறது என்று பார்த்தேன்.
இந்த நோயாளி வாயை மூடுவதில்லை, அது ஒரு சௌகரியம்.
தோட்டக்குழாய்த் துண்டின் ஒரு முனை காதில்,
மறுமுனை ஒவ்வொரு வாயிலாக:
இடப்பக்கம் சீறல், வலப்பக்கம் பெருமூச்சு.
மரையை அரைச் சுற்று நெருக்கினால்
இப்போது வலம் சீறுகிறது.

சர்க்கரைவள்ளி வண்டிக்காரன் நீராவி விசிலோடு
தெருவுக்குள் நுழைந்தால் எல்லாம் கெட்டது.
அவன் முனை திரும்பும்வரை
திருப்புளியும் கையுமாய்க் கல்லாக நிற்பேன்.
மாடியில் ஓப்துலியா துடைப்பக்கட்டையால் தரையை இடித்தாள்.
அந்த இடியும் சீராக இல்லை.

குளிரில் வைத்த சமன் சூட்டில் நிற்காது.
காற்றில் ஆறும் எஞ்சின், சூடேற அகலும்.
அகலும்போது இரு பக்கமும் ஒன்றையொன்று விட்டு விலகும்,
நடுவில் கோத்த தண்டு மட்டும் அதே நீளம்.
இதை அறிய எனக்கு இரண்டு சனிக்கிழமை,
ஒரு விரல் நகம்.

ஞாயிறுதோறும் நாபோர் கூப்பிடுவான்.
ஓடுகிறதா?
ஓடுகிறது, என்பேன்.
ஏன் விற்றான் என்று அவன் சொன்னதில்லை.
அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சின்ன கம்ப்ரெசர் முனகும்.
டயருக்குக் காற்றடிப்பது அல்ல,
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
மருந்தை மூடுபனியாக்கி
ஏதோ ஒரு சின்ன மூக்குக்கு அனுப்புவது.

மூன்றாம் சனி. இருபது நிமிடம் ஓட்டி வந்து
அணைக்காமல் மூடியைத் திறந்தேன்.
ஒன்று. நான்கு. மூன்று. இரண்டு.
ஒன்று. நான்கு. விக்கல். இரண்டு.
மூன்றின் ஐடில் ஜெட்டை எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்தால்
துளையில் வெளிச்சம் இல்லை.
கம்பி விட்டால் பித்தளை கீறும். ஊதினேன்.
உள்ளங்கையில் விழுந்தது ஒரு வெள்ளைப் பொடி.
உப்பா மணலா என்று நாக்கில் வைத்தேன்.
பெட்ரோல்தான் கரித்தது.

பிறகு ஐம்பது. நூற்று இருபது. இருநூற்றுப் பத்து.
திருகை உள்ளே, திணறும்வரை.
வெளியே, திணறல் போகும்வரை.
இன்னும் ஒரு கால் திருகு,
விடியற்காலைக் குளிருக்காக.

மறுநாள் போனைப் புகைக்குழாய்ப் பக்கம் நீட்டினேன்.
நெடுநேரம் அவன் பேசவில்லை.
கம்ப்ரெசர் சத்தமும் இல்லை,
நிறுத்திவிட்டு வந்தானோ,
தேவைப்படாமல் போயிற்றோ.
பிறகு சொன்னான்: இது என் வண்டி இல்லை.
இல்லை, என்றேன்.
எண்களைச் சொல்லு, என்றான்.
சொன்னேன்.
கடற்கரையில் அவற்றை வைத்து என்ன செய்வான்,
பேனா கீறுவது மட்டும் கேட்டது.

நோட்டில் அவனுடையதை அடிக்கவில்லை.
கீழே என்னுடையவை, பென்சிலில்.
தொடாதே என்று எழுதவில்லை.
மூன்றாவது சிலிண்டர் இன்னும்
கொஞ்சம் சூடாகத்தான் ஓடுகிறது.