கூண்டு 011

க்ளாக்ஸ்விக் துறைக்கு வெளியே
தீவனம் வீசும் மிதவை ஒன்று.
அதன் வயிற்றில் தகரப்பெட்டி,
பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கணினி,
கணினிக்குள் நான் எழுதிய நிரல்,
நிரலுக்குள்ளேயே குடியிருக்கும்
ஒரு தரவுக்கிடங்கு.

தனி வீடில்லை அதற்கு.
வாசல்மணி இல்லை, காவலாள் இல்லை.
நிரல் விழித்தால் விழிக்கும்,
நிரல் செத்தால் கூடவே சாகும்.
தெரிந்தவை இரண்டே: சாவி, மதிப்பு.
எந்தக் கூண்டு, எந்த நொடி என்பது சாவி.
நீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்பது மதிப்பு.
சால்மன் என்றொரு மீன் உண்டென்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் எழுதியது மிக நேர்மையான நிரல்.
எழுது என்றால்
எழுதி முடியும்வரை அசையாது.
வட்டு தன் பழைய ஏடுகளை
மடித்து அடுக்கிக்கொண்டிருந்தால்
அதுவரைக்கும் அசையாது.
அது நிற்க, தீவனக்குழாய் நிற்க,
ஐம்பதாயிரம் வாய்கள்
வெறும் நீரை மென்றுகொண்டு சுற்ற,
ஹானுஸ் அழைப்பான்:
"மர்யூன், உன் பெட்டி
மறுபடியும் யோசிக்கிறது."

யோசிக்கவில்லை, ஹானுஸ்.
காத்திருக்கிறது.
வெளியிலிருந்து பார்த்தால்
இரண்டுக்கும் ஒரே முகம்.

மாற்றினேன்.
எழுத வேண்டியதை
வேறோர் இழையின் கையில் கொடு,
ஒரு வாக்கை மட்டும் வாங்கிக்கொள்,
நட.
அடுத்த கூண்டைக் கேள், குழாயைத் திற,
வாக்கு நிறைவேறும்போது
அதுவே வந்து தோளைத் தொடும்.

அந்த மாதம்தான் ட்ரோண்டுருக்கு
மூன்று கேள்வி அனுப்பியிருந்தேன்.
அண்ணன் பேரண்ட்ஸ் கடலில், இழுவைக் கப்பலில்;
அலைக்கற்றை எப்போதாவது எட்டும்.
அப்பாவின் படகை விற்கலாமா?
கூரைக்குக் கறுப்புச் சாயம் போதுமா?
தூங்குகிறாயா?
பதினெட்டு நாள் கழித்து மூன்று பதில்,
தனித்தனியாக:
ஆம்.
இல்லை.
ஆம்.
எது எதற்கு என்று
ஒரு ஞாயிறு முழுக்க
மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.
எல்லா வரிசையும் பொருந்தியது.

சாவி இல்லாத மதிப்பு.
அதன்பின் கேள்விகளுக்கு எண் போட்டேன்.

எண்ணிலும் ஒரு கூத்து.
இந்தக் கிடங்குக்கு எண் தெரியாது, எழுத்துதான்.
வரிசைப்படுத்து என்றால்
ஒன்று, பத்து, பதினொன்று,
அப்புறம்தான் இரண்டு.
இரண்டாம் கூண்டுக்கு அளந்த தீவனம்
பத்தாம் கூண்டில் விழுந்தது ஒருநாள்.
மீன்கள் புகார் சொல்லவில்லை, ஹானுஸ் சொன்னான்.
முன்னால் சுழியங்கள் வைத்தேன்:
001, 002, 010, 011.

பிப்ரவரிப் புயலில் மின்சாரம் போனது.
மீண்டும் வந்ததும் கேட்டேன்:
011, விடிகாலை மூன்று பதினேழு?
கிடைக்கவில்லை.
பதினெட்டு?
கிடைக்கவில்லை.
நான்கு நிமிடம் அப்படியே.
ஆனால் பதிவேட்டில்
ஒவ்வொரு வாக்கும் நிறைவேறியதாக இருந்தது.
"எழுதிவிட்டேன்" என்று சொன்னது மெய்தான்;
எழுதியது நினைவகத்தில்,
வட்டை அது தொடவில்லை.

தொட்ட பிறகே சொல் என்பதற்கு
ஓர் அமைப்பு உண்டு.
அங்கே பொய் என்றிருந்தது, இயல்பாகவே.
மெய் என்று மாற்றினேன்.
வேகம் பாதியானது.

அந்த நான்கு நிமிடம்
பதினோராம் கூண்டில் ஆக்ஸிஜன்
இருந்ததா, இறங்கியதா
என்று ஹானுஸ் கேட்டான்.
விளிம்பில் அறுபத்திரண்டு மீன்கள்
வயிறு காட்டி மிதந்தன. அது மட்டும் தெரியும்.
அறிக்கையில் அந்தக் கட்டத்தை
வெற்றாகவே விட்டேன்.
பக்கத்து எண்களின் சராசரியை வை என்றார்கள்.
வைக்கவில்லை.

மார்ச்சில் ட்ரோண்டுரிடமிருந்து ஒரே செய்தி,
எண்களோடு,
கிடங்கின் வரிசையில்:

1. விற்காதே.
10. ஜூனில் வருவேன்.
11. சாயம் போதும்.
2. இன்னும் இல்லை.

இரண்டாவது கேள்வி எதுவென்று
எனக்குத் தெரியும்.
மணி மூன்று பதினேழு.
நானும்தான்.