பதினாலாவது விநாடி

அந்தக் காருக்கு எஞ்சின் கிடையாது.
எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில்
நீளமாய் ஒரு காலி.
முகத்தில் மட்டும்
அறுபத்தொன்பதாம் வருஷத்து முறைப்பு.

கூத்தாநல்லூரிலிருந்து நிலோஃபர் அனுப்பியிருந்தாள்,
இருபத்திரண்டு கோணங்களில்.
பின்சக்கரங்களுக்கு மேல் தகரம் புடைத்து
சட்டைக் கையை மடித்துவிட்டு
வம்புக்கு வந்தவன் போல நிற்கிறது.
பானட்டில் காற்று வாங்க ஒரு துவாரம்.
"உள்ள நுரையீரலே இல்ல,
மூக்கு மட்டும் கேக்குறாங்க.
வரஞ்சிட்டேன்.
மூக்கு நல்லா வந்திருக்கு."

எனக்கு வந்த வேலை சத்தம்.
பேட்டரி வண்டி, பூனை மாதிரிப் போகும்.
அதற்கு ஓர் உறுமல் வேண்டும்,
பழசைப் போல, ஆனால் பழசாக இல்லாமல்.
நம் ராத்திரி பதினொன்றுக்குக்
காலைக் காப்பியோடு திரையில் வரும் ப்ரெண்டன் கேட்டார்:
அசல் வி-எட் எஞ்சினை
எப்போதாவது கேட்டிருக்கிறாயா?
கேட்டிருக்கிறேன் என்றேன்.
உரக்கடை மாடியில், ஹெட்போனில்.

மைக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கோவில்வெண்ணியில்
சிங்காரவடிவேலுவின் டீசல் மோட்டார்
நாலு துடிப்புக்கு ஒன்றை விழுங்கி ஓடுகிறது.
அந்த விழுங்கலில்தான் இருக்கிறது
பழைய வி-எட்டின் சாயல்.
இரண்டு நாள் ரிப்பேர் பண்ண வேண்டாம் என்று கெஞ்சினேன்.
"என் நாத்து காயணும்,
உன் கார் உறுமணும். அப்படித்தானே?"
என்றவர்
ஒரு நாள் தந்தார்.

மூணாறு தலைப்பில் தண்ணீர் வந்த மறுநாள்
வாழைத்தண்டில் கட்டி மைக்கை இறக்கினேன்.
ஒரே ஆறு மூன்றாகப் பிரிகிற
அடித்தொண்டை.
அங்கே ஒரு மைக் போயிற்று.
கோரையாற்றில் தேடினேன்,
பாமணிக்குப் போயிருக்கும் என்றார் லஸ்கர்.

செயின் போட்ட அறுவடை வண்டி
சேற்றில் புதைந்து திமிறிய அரைமணி நேரம்.
மழைக்கு முந்தி இறங்கிய ஓர் இடி.
தவளைகளைக்கூட விடவில்லை.

ஆறு கோப்புகள் அனுப்பினேன்.
இன்னும் கோபம் வேண்டும் என்றார் ப்ரெண்டன்.
அடுத்த வாரம்,
இன்னும் ஏக்கம் வேண்டும்.
கோபமும் ஏக்கமும்
என்ன விகிதத்தில் என்று கேட்டேன்.
சிரித்தார். ஆனால் சொல்லவில்லை.

மூன்று விநாடியில் நூறைத் தொடுமாம் அந்த வண்டி.
தொடட்டும்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
அதுவும் நாற்பது நிமிடம் நிற்கும்.

நான் நின்றேன் அன்றைக்கு.
தோள்பையில் ரெக்கார்டர் அணைக்காமல் கிடந்தது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
பெட்டி பெட்டியாய்ப் போய், பாதியில் நின்று,
மறுபடி போனது.
கடைசிப் பெட்டி கடப்பதற்குள்,
கேட் ஒரு சாண்கூடத் தூக்குவதற்குள்,
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
டிராக்டர், டிப்பர், புல்லட், மினிபஸ்,
எல்லோரும் ஒரே நேரத்தில்
ஆக்சிலேட்டரை முறுக்கினோம்.
யாரும் இன்னும் எங்கும் போகவில்லை.
போகப்போகிறோம் என்கிற சத்தம் மட்டும்.

ராத்திரி அதைக் கேட்டபோது
கை தானாகவே வேலை செய்தது.
சுருதியைக் கீழே தள்ளினேன்.
ஆரன்களைச் சுரண்டி எடுத்தேன்.
ஓரத்தில் கோவில்வெண்ணி மோட்டாரைச் சேர்த்தேன்.
ஏழாவது கோப்பு.

ப்ரெண்டன் மூன்று முறை கேட்டார்.
இந்தக் கார் எங்கே கிடைத்தது என்றார்.
கார் அந்த வரிசையில்
பதினோராவதாக நின்றது,
ஒரு டாக்ஸி,
என்று நான் சொல்லவில்லை.

அறிமுக விழாக் காணொளி.
இருட்டில் ஒரு வட்ட மேடை,
அதன் மேல் அது,
ரசகுல்லாவைப் பாகில் உருட்டியது போன்ற மினுக்கல்.
மெதுவாகச் சுற்றுகிறது, உறுமுகிறது,
ஓர் அங்குலம் நகரவில்லை.
கதவு திறக்காது, நிலோஃபருக்குத் தெரியும்.
தயாரிக்கப்படாது, எல்லோருக்கும் தெரியும்.
கைதட்டுகிறார்கள்.

உடனே போன் வந்தது.
"பதினாலாவது விநாடியில
யாரோ கத்துறாங்க, கேளுங்க."

சுரண்டி எடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.
ஹெட்போனை அழுத்திக் கேட்டேன்.
உறுமலுக்குள், தடித்த குரலில்,
பூதம் பேசுவது போல:
"யோவ் மினிபஸ்ஸு...
தள்ளி நிறுத்துய்யா!"

எடுத்துத் திருப்பி அனுப்பட்டுமா என்றேன்.

விடுங்க என்றாள்,
அந்தக் கார்ல
வேற ஆளே இல்ல.