பருப்பு வேகும் ஊர்

புல்மன், வாஷிங்டன் மாநிலம்.
ஐந்தரை மணி இருட்டில் நாற்பது கழிப்பறைப் பெட்டிகள்.
நாற்பதிலும் காகிதம் இருந்தது.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
வேறு ஊர்களில் ஓடியவர்களுக்குத் தெரியும்
இது எப்பேர்ப்பட்ட சங்கதி என்று.

மார்பில் குத்தும் எண்ணட்டையில்
பெயருக்கு எட்டே ஆங்கில எழுத்து இடம்.
மங்கையர்க்கரசி என்று பதிந்தேன்,
மங்கைய என்று அச்சாகி வந்தது.
முதல் அடி வைக்குமுன்பே
அரசியை இறக்கிவிட்டார்கள்.

நான்கு குன்றுகளின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்.
பாதை வரைந்தவர் ஒன்றையும் விடவில்லை,
ஒன்றை இருமுறை வைத்திருந்தார்.
திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறி,
அதன் கீழே உறைபனி படிந்த நாற்காலியில்
போர்வைக்குள் ஒரு மனிதர்.
அம்பை நம்பாதவர்களுக்குக் கையையும் நீட்டினார்.

கல்லூரிக் குன்றில்
இரவு தூங்கியிராத பையன்கள்
மாடியில் நின்று வாணலி தட்டினார்கள்.
"மங்கைய! மங்கைய!"
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று
நானும் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளைக் குவளை தண்ணீர், பச்சைக் குவளை உப்புநீர்.
மூன்றாம் மேசைக்குள் கைக்கே பழகிவிட்டது.
ஐந்து மணிக் கொடியைத் தூக்கி ஓடிய மெரிடித்
ஏறும்போது தன் விவாகரத்தைச் சொல்வாள்,
இறங்கும்போது தன் நாயை.
மூச்சு வாங்காமல்.
நாங்கள் ஒன்பது பேர் அவள் பின்னால்
"ம்" கொட்டவும் காற்றில்லாமல்.

பிறகு மண்சாலை.
அறுத்துவிட்ட கோதுமைத் தாள்,
அதைத் தாண்டி
மைசூர்ப் பருப்பு விளைந்து ஓய்ந்த நிலம்.
ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும்
இன்னொரு மேடு ஒளிந்திருந்தது.
பத்தொன்பதாம் மைலில் கொடி சின்னதாயிற்று.
வழக்கில் வீடு யாருக்குப் போனது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.
நாய் அவளிடம்தான் இருக்கிறது.

இருபத்தொன்று.
உன் பருப்பு இங்கே வேகாது
என்றது குன்று. தமிழிலேயே.
பருப்பு விளையும் மண்ணுக்கு
அதைச் சொல்லும் உரிமை உண்டுதானே.

சரிவின் பாதியில் ஒரு மடக்கு நாற்காலி.
முதுகில் அட்டை: உட்காருங்கள், யாரும் குறிக்க மாட்டோம்.
நான் உடைந்துபோகும் இடம்
ஏதோ ஒரு கூட்டத்தில்,
பிப்ரவரியில், காபிக்கு நடுவே,
வரைபடத்தில் விரல் வைத்து முடிவாகியிருக்கிறது.
உட்கார்ந்தேன். அழுதேன்.
கைக்கெட்டும் தூரத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி.
அதைப் பார்த்ததும் கோபம் வந்தது.
இதைக்கூடவா!
அந்தக் கோபத்தில் எழுந்தேன்.

மேட்டு உச்சியின் மருத்துவக் கூடாரத்தில்
நாடி பிடித்தவன் கால்நடை மருத்துவ மாணவன்.
"மாடாக இருந்தால் போகலாம் என்பேன்," என்றான்.
சரியான ஆளிடம்தான் வந்திருந்தேன்.
மூன்று மைலாக நான் கால்நடைதான்.

முடிவுக்கோடு.
பதிவுப் படிவத்தில் ஒரு பெட்டி இருந்ததாம்,
உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று.
ஏப்ரலில் எதையோ நிரப்பியிருக்கிறேன்.
ஒலிபெருக்கியில் முழுசாகச் சொன்னார்களாம்,
'ழ' கூட இல்லாத பெயரில்
எங்கிருந்தோ ஒரு 'ழ'வும் சேர்த்து.
எனக்குக் கேட்கவில்லை.
ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தவள்
நிமிர வழி தெரியாமல் நின்றிருந்தேன்.
பக்கத்தில் வாந்தியெடுத்தவர்தான் பிறகு சொன்னார்:
நீளமான பெயர், நன்றாக இருந்தது என்று.

ஐந்து மணி முப்பத்தாறு நிமிடம்.
உட்கார்ந்த நேரமும் சேர்த்து.
அட்டை பொய் சொல்லவில்லை. யாரும் குறிக்கவில்லை,
காலில் கட்டிய சில்லைத் தவிர.

திங்கள் காலை, நூலகப் படிக்கட்டு.
கைப்பிடியை இரு கையாலும் பற்றி
பின்புறமாக இறங்கிக்கொண்டிருந்தேன்.
நான்கு படி கீழே இன்னொருவர்,
அவரும் பின்புறமாக.
முகம் பார்க்க முடிந்தது அதனால்.
முன்பின் தெரியாதவர்.
வானிலை பேசவில்லை, வணக்கம் சொல்லவில்லை.
"அந்த நாற்காலி?" என்றார்.
"ஆமாம்," என்றேன்.
இன்னும் பதினேழு படி இருந்தது
இருவருக்கும்,
அவருக்கு மட்டும் நான்கு குறைவாக.